அட்மின் மதுரையில் இருக்கிறார்

செருப்பு வாங்கப் போனால் போட்டு நடந்து பார்க்கிறோம். 'அந்தக் கண்ணாடி வரைக்கும் நடந்துட்டு வாங்க அண்ணாச்சி' என்று கடைக்காரரே சொல்கிறார். சட்டைக்குத் தோளை அளக்கிறோம். மூக்குக் கண்ணாடிக்கு எழுத்து அட்டையை வாசிக்கிறோம். எங்கள் திருநெல்வேலி டவுணுக்கு அல்வா வாங்க வருகிற வெளியூர்க்காரர்கூட ஒரு விள்ளல் வாயில் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் எத்தனை கிலோ என்று சொல்கிறார். தினமும் எட்டு மணி நேரம் கையில் பிடித்துக்கொண்டிருக்கப் போகிற மவுஸை மட்டும் எப்படி வாங்குகிறோம் தெரியுமா?

'ஒரு மவுஸ் குடுங்க.'

'வயர் உள்ளதா, இல்லாததா?'

'எது விலை கம்மி?'

அவ்வளவுதான் வியாபாரம். பிளாஸ்டிக் கூட்டுக்குள் ஒட்டி வைத்திருப்பார்கள். தொட்டுப் பார்க்க முடியாது. பிரித்தால் திருப்பி எடுக்க மாட்டார்கள். கையகலம் உள்ள பெரிய மனுஷருக்கும், விரல் குச்சியாக இருக்கிற காலேஜ் பெண்ணுக்கும் ஒரே எலி. போன வருஷம் ஒரு கடையில், 'கொஞ்சம் பெரிசா இருந்தா நல்லாருக்கும்' என்று சொல்லிப் பார்த்தேன். 'டிவியா சார் வாங்குதிய?' என்றார் கல்லாவில் இருந்தவர்.

இத்தனைக்கும் மவுஸ் பிறந்ததே ஒரு பரீட்சையில்தான். அமெரிக்காவில் டக்ளஸ் எங்கல்பார்ட் யோசனை சொல்ல, பில் இங்கிலீஷ் என்கிற சக இன்ஜினீயர் 1964-ல் ஒரு மரக்கட்டையைக் குடைந்து, அடியில் இரண்டு சக்கரம், மேலே ஒரே ஒரு பொத்தான் வைத்து முதல் மவுஸைச் செய்தார். செய்ததும், 'இதுதான் உசத்தி' என்று அவர்கள் முடிவு கட்டிவிடவில்லை. திரையைத் தொடும் ஒளிப் பேனா, ஜாய்ஸ்டிக், மேஜைக்கு அடியில் முழங்காலால் தள்ளுகிற ஒரு கருவி எல்லாவற்றையும் வரிசையாக வைத்து ஆட்களை உட்கார்த்திச் சோதித்தார்கள். திரையில் ஒரு எழுத்தைப் போய்த் தொட எதற்கு எவ்வளவு நேரம், எத்தனை தப்பு என்று கணக்கெடுத்தார்கள். பழகின கைகளிடம் மவுஸ் ஜெயித்தது. (முழங்கால் கருவி ஒன்றும் வேடிக்கை இல்லை. தையல் மெஷினில் காலாலும் கையாலும் ஒரே நேரத்தில் வேலை பார்க்கிறவர்களைப் பார்த்தவர்களுக்கு அது புரியும்.) 1968 டிசம்பர் 9-ம் தேதி சான்ஃபிரான்சிஸ்கோவில் எங்கல்பார்ட் அதை ஊருக்குக் காட்டினார். 1970-ல் பேட்டன்ட் வந்தது. 2013-ல் அவர் இறந்தார். உலகம் முழுக்க விற்ற மவுஸ்களில் ஒன்றுக்குக்கூட அவருக்கு ராயல்டி வரவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மவுஸுக்கு ஓர் அண்ணன் உண்டு. 1952 வாக்கில் கனடா கடற்படைக்காக ஒரு ரேடார் திட்டத்தில் வேலை பார்த்தவர்கள், பௌலிங் விளையாடுகிற பந்து ஒன்றை எடுத்து ஒரு பெட்டியில் பாதி புதைத்து வைத்தார்கள். கையால் பந்தை உருட்டினால் திரையில் புள்ளி நகரும். ராணுவ ரகசியம் என்பதால் வெளியில் தெரியவில்லை. அதுதான் டிராக்பால். மவுஸில் கை நகர்கிறது, பந்து தொடர்கிறது. டிராக்பாலில் கை சும்மா கிடக்க, பந்து மட்டும் உருள்கிறது. இந்த வித்தியாசத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

நான் பி.காம். படித்த காலத்தில் கம்ப்யூட்டர் லேப் என்பது கர்ப்பக்கிரகம். செருப்பை வெளியே கழற்ற வேண்டும். உள்ளே மவுஸின் வயிற்றில் ரப்பர் பந்து இருக்கும். பத்து நாளைக்கு ஒருமுறை மூடியைத் திருகி, பந்தை எடுத்து, உள்ளே இருக்கும் குட்டி உருளைகளில் படிந்த அழுக்கை நகத்தால் சுரண்டினால்தான் அம்புக்குறி நகரும். வாரத்துக்கு ஒரு பந்து காணாமல் போகும். எதற்கு எடுத்துக்கொண்டு போனார்கள் என்று இன்றைக்கு வரை எனக்குத் தெரியாது, கிரிக்கெட் ஆட அது சின்னது, கோலி ஆடப் பெரியது. அப்புறம் வெளிச்சத்தால் வேலை செய்கிற ஆப்டிகல் மவுஸ் வந்து பந்து ஒழிந்தது. ஆனால் கையும், கையை வைத்துக்கொள்கிற விதமும் மாறவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். என் மதினிக்குக் கை வலி.

டவுணில் ரத வீதி ஒன்றில், மாடியில், ஒரு தனியார் நிறுவனத்தின் கிளை அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறார். பெயர் வேண்டாம். வருகிற ரசீதுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது, பழைய பதிவுகளைத் தேடி எடுத்து ஒத்துப் பார்ப்பது. ஒரு பக்கத்துக்கு நாற்பது வரி, ஒவ்வொரு வரியிலும் கிளிக், அப்புறம் கீழே உருட்டல், மறுபடி கிளிக். இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். ஆனித் தேர் முடிந்த மறு வாரம் ஒரு ராத்திரி வலது கை மரத்துப்போய் எழுந்து உட்கார்ந்துவிட்டார். உதறினால் சரியாகிறது, படுத்தால் திரும்ப வருகிறது. பெருவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலில் பாதி. சுண்டுவிரலில் மட்டும் ஒன்றும் இல்லை.

இந்தச் சுண்டுவிரல் விஷயத்தைக் கவனியுங்கள். மணிக்கட்டில் எலும்பும் தசைநாரும் சேர்ந்து ஒரு குறுகலான சந்து இருக்கிறது. அதற்குள் விரல்களை மடக்குகிற நாண்களோடு ஒரு நரம்பும் போகிறது. சந்தில் வீக்கம் வந்தால் நரம்பு நெரிபடும். அந்த நரம்பு உணர்ச்சி கொடுப்பது முதல் மூன்றரை விரலுக்குத்தான். சுண்டுவிரலுக்கு வேறு நரம்பு, வேறு பாதை. அதனால்தான் டாக்டர்கள் முதலில், 'எந்தெந்த விரல்?' என்று கேட்கிறார்கள். உங்களுக்கும் இப்படி ராத்திரி மரத்துப்போகிறது என்றால் தைலம் தேய்த்துக்கொண்டு இருக்காமல் ஒரு டாக்டரிடம் போய்விடுங்கள். ரொம்ப நாள் விட்டால் பெருவிரல் அடிச் சதை சூம்பிவிடும். டம்ளர் நழுவும்.

மதினியின் டாக்டர், மவுஸ்தான் குற்றவாளி என்று சத்தியம் செய்யவில்லை. வீட்டில் துணி பிழிகிற கை, தேங்காய் துருவுகிற கை, வண்டி ஆக்ஸிலரேட்டரைத் திருகுகிற கை எல்லாம் அதே கைதான். ராத்திரி போட்டுக்கொள்ள ஒரு பட்டை கொடுத்தார். 'துணி பிழியறதை அண்ணன் பாத்துக்கிடட்டும்' என்றார். (அண்ணன் பிழிகிறார். இந்தக் கட்டுரையில் அவரைப் பற்றி இதற்கு மேல் எழுதக் கூடாது என்று உத்தரவு.) 'ஆபீஸ்ல அந்த மவுஸை மட்டும் மாத்திப் பாருங்க, மணிக்கட்டை மேஜையில ஊன்றி வளைக்காத மாதிரி எதாவது' என்றும் சொன்னார்.

அதனால் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் நானும் மதினியும் கடை கடையாக ஏறினோம். வண்ணார்பேட்டை, ஜங்ஷன், அப்புறம் ஆற்றைத் தாண்டிப் பாளையங்கோட்டை. சுலோச்சன முதலியார் தன் கைக்காசைப் போட்டு ஊருக்காகக் கட்டி 1843-ல் திறந்த பாலத்தின் வழியாக, ஒரு எலிக்காக இரண்டு தடவை போய்வந்தோம்.

அன்றைக்குக் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன். நிமிர்ந்து நிற்கிற மவுஸ் ஒன்று இருக்கிறது. கைகுலுக்குகிற மாதிரி பிடிக்க வேண்டும். முன்கை எலும்புகள் இரண்டும் முறுக்கிக்கொள்ளாமல் இருக்கும் என்பது அதன் தத்துவம். பிடித்தால் சுகமாகத்தான் இருந்தது, மதினியின் கைக்கு ஒரு சுற்றுப் பெரிசு. பெருவிரலால் பந்தை உருட்டுகிற டிராக்பால் இன்னொன்று. கை அசையாது, வாஸ்தவம். ஆனால் வேலை முழுக்கப் பெருவிரல் தலையில் விழும், வலி மணிக்கட்டிலிருந்து பெருவிரலுக்குக் குடிபெயர்ந்தால் என்ன லாபம்? அதோடு அது வலது கைக்கு மட்டுமே வார்த்தது. வலிக்கிற கைக்கு ஓய்வு கொடுக்கத்தானே புறப்பட்டோம்? டச்பேடு, லேப்டாப்பில் பழகினவர்களுக்குச் சரி, நாற்பது வரிப் பக்கத்தை நாள் முழுக்க உருட்டுகிறவர்களுக்குப் பொறுமை போதாது. படம் வரைகிறவர்கள் வைத்திருக்கிற பேனாப் பலகை விலை அதிகம்.

கடைசியில் கிடைத்தது, நடுவில் பெரிய பந்தும் நான்கு மூலையிலும் நான்கு பொத்தானும் உள்ள டிராக்பால். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி, இடது கையாலும் உருட்டலாம். சக்கரம் கிடையாது. பொத்தான்களில் ஒன்றை அமுக்கிக்கொண்டு பந்தை உருட்டினால் பக்கம் கீழே இறங்குகிற மாதிரி அமைத்துக்கொள்ளலாம் என்று பெட்டியில் போட்டிருந்தது. விலையைச் சொன்னால் நீங்கள் என் மீது கோபப்படுவீர்கள். சாதாரண மவுஸ் பத்து வாங்கலாம். மதினி பந்தை ஒரு நிமிஷம் உருட்டிக்கொண்டே இருந்தார். 'தம்பி, இது கைக்குள்ள தானா வந்து உக்காருது' என்றார். கடைக்காரர் பிரித்துத் தொட்டுப் பார்க்க விட்டார் என்பதற்காகவே அந்தக் கடையில் வாங்கினோம்.

திங்கட்கிழமை காலையில் ஆபீஸ் கம்ப்யூட்டரில் செருகினார். அம்புக்குறி உடனே நகர்ந்தது. இதில் ஆச்சரியம் இல்லை. அந்தக் காலத்து வட்டப் பின் மவுஸை, கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுத்தான் செருக வேண்டும். யு.எஸ்.பி. வந்த பிறகு மவுஸ், கீபோர்டு போன்ற சாமான்களுக்கெல்லாம் ஒரு பொது பாஷை வைத்துவிட்டார்கள். எந்தக் கம்பெனி மவுஸானாலும் அந்தப் பாஷையில், 'நான் இவ்வளவு நகர்ந்தேன், இந்தப் பொத்தானை அமுக்கினார்கள்' என்று சொல்லும். விண்டோஸுக்கு அது ஏற்கெனவே தெரியும். தனி சாஃப்ட்வேர் வேண்டாம்.

சாயங்காலம் போன் வந்தது. 'பந்து நல்லாத்தான் உருளுது தம்பி. பக்கம் மட்டும் கீழ இறங்க மாட்டேங்கு.'

எந்தப் பொத்தான் எந்த வேலை செய்ய வேண்டும் என்று மாற்றுவதற்குத்தான் கம்பெனி சாஃப்ட்வேர் தேவை. அதை இன்ஸ்டால் செய்யப் போனால் திரை மங்கி, நடுவில் ஒரு பெட்டி வந்து, அட்மினிஸ்ட்ரேட்டர் பாஸ்வேர்டு கேட்கிறது. பாஸ்வேர்டு யாரிடம்? சிஸ்டம் பார்க்கிறவரிடம். அவர் எங்கே? மதுரையில். மாதத்துக்கு ஒரு தடவை வருவார், இந்த மாதம் வந்து போய்விட்டார். மேனேஜரிடம் கேட்டதற்கு, 'ஒரு எலிக்காக நான் ஹெட் ஆபீஸுக்கு மெயில் போட முடியுமாம்மா?' என்றார்.

அந்த மங்கலான திரை உங்களுக்கும் பழக்கமாக இருக்கும். வீட்டுக் கம்ப்யூட்டராக இருந்தால் பாஸ்வேர்டு கேட்காது, 'ஆமாவா, இல்லையா' என்று மட்டும் கேட்கும். நாமும் படிக்காமல் 'ஆமா' அமுக்குவோம். 2001-ல் விண்டோஸ் எக்ஸ்.பி. வந்தபோது இந்தக் கேள்வியே கிடையாது. கம்ப்யூட்டரைத் திறந்து வைக்கும்போது உண்டாக்குகிற கணக்குகள் எல்லாமே அட்மினிஸ்ட்ரேட்டர்தான். வீட்டில் மூன்று வயசுப் பிள்ளை மவுஸைத் தொட்டாலும் சகல அதிகாரத்தோடு தொடும். ஊரில் உள்ள டி.டி.பி. சென்டர்களில் தமிழ் ஃபான்ட்டுக்காக ஏதோ ஒரு சி.டி.யைப் போட, அதோடு நாலு வைரஸும் சேர்ந்து குடியேறும். 2007-ல் விண்டோஸ் விஸ்டா வந்து, எதை மாற்றினாலும் அனுமதி கேட்க ஆரம்பித்தது. தொட்டதற்கெல்லாம் கேட்டதால் ஜனங்கள் திட்டினார்கள், ஆப்பிள் கம்பெனி கேலி செய்து விளம்பரமே எடுத்தது. 2009-ல் வந்த விண்டோஸ் 7-ல் கேள்விகளைக் குறைத்தார்கள். ஆனால் திரை மங்குவது மட்டும் அப்படியே இருக்கிறது.

ஏன் மங்குகிறது என்று எத்தனை பேருக்குத் தெரியும்? நம்மைப் பயமுறுத்த இல்லை. அந்த ஒரு நிமிஷம் விண்டோஸ் மற்ற எல்லா புரோகிராம்களையும் வெளியே நிறுத்திவிட்டு, ஒரு தனி அறைக்குள் உங்களை அழைத்துக்கொண்டு போய்க் கேட்கிறது. பின்னால் தெரிகிற மங்கலான திரை வெறும் படம். திருட்டு புரோகிராம் ஒன்று அம்புக்குறியைத் தானே நகர்த்தி, உங்கள் சார்பில் 'ஆமா' அமுக்கிவிடக் கூடாது இல்லையா? அதற்குத்தான். மற்ற நேரமெல்லாம் கிளிக் என்பது வெறும் கிளிக். அந்த அறைக்குள் அமுக்குகிற கிளிக் மட்டும் கையெழுத்து.

காமர்ஸ் படித்தவனுக்கு இது புரியாமல் போகுமா? ஆடிட்டிங் பாடத்தில் ஆரம்பத்திலேயே சொல்லிக்கொடுப்பது இதைத்தான். கல்லாவில் இருக்கிறவர் பேரேடு எழுதக் கூடாது. செக் எழுதுகிறவர் கையெழுத்துப் போடக் கூடாது. யார் மேலும் சந்தேகம் இல்லை, ஏற்பாடு அப்படி. கம்ப்யூட்டரை உபயோகிக்கிறவரும், அதில் புதுசாக எதையும் ஏற்றுகிற அதிகாரம் உள்ளவரும் வேறு வேறாக இருப்பதும் அதே ஏற்பாடுதான். அட்மின் அதிகாரத்தோடு உள்ளே நுழைகிற சாஃப்ட்வேர், மவுஸுக்கு வந்தது என்று பெயர் சொல்லிக்கொண்டு கணக்கு முழுவதையும் பார்க்கலாம், அழிக்கலாம். ஆகவே அந்த நிறுவனம் பாஸ்வேர்டைப் பூட்டி வைத்தது சரி. நூற்றுக்கு நூறு சரி. வீட்டில்கூட அன்றாட வேலைக்கு ஒரு சாதாரணக் கணக்கும், இன்ஸ்டால் செய்ய மட்டும் தனியாக ஒரு அட்மின் கணக்கும் வைத்துக்கொள்ளுங்கள் என்று கேட்கிறவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஆனால் அதே ஆடிட்டிங் பாடம் இன்னொன்றும் சொல்கிறது. இரண்டு பேர் கையெழுத்துப் போட வேண்டிய செக்கில் ஒருவர் ஊரில் இல்லை என்றால் கம்பெனி நின்றுபோகக் கூடாது. மாற்று ஆள் யார் என்று முதலிலேயே தீர்மானம் போட்டு வைத்திருப்பார்கள். கையெழுத்து அதிகாரத்தைக் கொடுத்துவிட்டு, அந்த ஆள் எப்போது கிடைப்பார் என்று யோசிக்காமல் விட்டால் என்ன நடக்கும்? என்ன நடக்குமோ அதுதான் மதினியின் ஆபீஸிலும் நடந்திருந்தது. நாலாவது நாள் ஆபீஸ் பையன் ரகசியமாக வந்து, 'அக்கா, பாஸ்வேர்டு தானே? அந்த காலண்டருக்குப் பின்னால பாருங்க' என்றானாம். பார்த்தால் பென்சிலில் எழுதியிருக்கிறது. எப்போதோ பிரின்டர் ரிப்பேரானபோது மதுரைக்காரர் போனில் சொன்னதை யாரோ குறித்து வைத்திருக்கிறார்கள். ஆபீஸில் அத்தனை பேருக்கும் தெரியும். மேனேஜருக்கும் தெரியுமோ என்னவோ. பூட்டு மதுரையில், சாவி காலண்டருக்குப் பின்னால்.

'போட்டுற வேண்டியதுதானே மதினி?' என்று அண்ணன் மகன் கேட்டான். மதினி சொன்னது: 'கைதாம்ல வலிக்கு. பேரையும் சேத்துக் கெடுத்துக்கிடணுமா? நாளைக்கு ஒரு கணக்கு இடிச்சா, இவ என்னத்தையோ ஏத்தினாள்னு நம்ம தலையிலதான் வந்து விடியும்.' (அவன் 'அம்மா' என்று கூப்பிடாமல் எங்களைப் பார்த்து மதினி என்றே பழகியவன், அது வேறு கதை.)

அன்றிலிருந்து காத்திருப்பு. டாக்டர் சீட்டைக் காட்டினால், 'முடியலைன்னா லீவு போட்டுக்கோங்க' என்றார்கள். சம்பளம் இல்லாத லீவு. இடது கையில் பந்து, பக்கத்தை இறக்க வலது கையால் பேஜ் டவுன் பொத்தான் என்று ஒரு மாதிரி ஓட்டினார். நடுவில் சில உபாயங்கள் கண்டுபிடித்தோம், உங்களுக்கும் உதவலாம். பொத்தானை வலம் இடம் மாற்றுவதற்கு எந்த அனுமதியும் வேண்டாம், விண்டோஸ் செட்டிங்ஸிலேயே இருக்கிறது, உங்கள் கணக்குக்கு மட்டும் மாறும். அம்புக்குறியின் வேகமும் அப்படியே. இடது ஆல்ட், இடது ஷிஃப்ட், நம்லாக் மூன்றையும் சேர்த்து அமுக்கினால் கீபோர்டின் வலது பக்கத்து எண் பொத்தான்களே மவுஸாகிவிடும், மெதுவாகத்தான் நகரும். சில மவுஸ்கள் பொத்தான் அமைப்பைத் தன் வயிற்றிலேயே ஞாபகம் வைத்துக்கொள்ளும். வீட்டில் ஒருமுறை அமைத்துவிட்டு ஆபீஸில் கொண்டுபோய்ச் செருகினால் போதும். ஆபீஸ் பூட்டு பலமாக உள்ளவர்கள் வாங்கும்போதே அப்படிப்பட்டதாகக் கேட்டு வாங்குங்கள். மதினியின் பந்துக்கு அந்த ஞாபக சக்தி இல்லை.

இந்தச் சமயத்தில்தான் பாளையங்கோட்டைச் சிநேகிதரிடம் இதைச் சொன்னேன். பாளையங்கோட்டையில் நூறு வருஷம் தாண்டிய பார்வையற்றோர் பள்ளி இருக்கிறது. அங்கே படித்து வளர்ந்து, ஒரு வங்கியில் வேலைக்குப் போனவர். மவுஸ் கதையை ரொம்ப சுவாரசியமாகக் கேட்டார். அவர் வாழ்க்கையில் மவுஸ் தொட்டதில்லை. அம்பு எங்கே நிற்கிறது என்று தெரியாதவருக்கு அது எதற்கு? அவருடைய கருவி கீபோர்டும், திரையில் உள்ளதை வாசித்துக் காட்டுகிற ஒரு சாஃப்ட்வேரும்தான். என்.வி.டி.ஏ. என்று பெயர். 2006-ல் ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கர்ரன் தொடங்க, ஜேம்ஸ் டே சேர்ந்துகொண்டார். இருவருக்கும் பார்வை கிடையாது. இந்த மாதிரி சாஃப்ட்வேருக்குப் பெரிய விலை கொடுக்க வேண்டியிருந்த காலத்தில், இலவசமாகவே கொடுப்பது என்று எழுதியது. தமிழையும் வாசிக்கும், கொஞ்சம் தகரக் குரலில்.

'உங்க மதினிக்கு ஸ்க்ரோல்தான இல்ல. எனக்குப் புது பிராஞ்சுல கம்ப்யூட்டரே இல்லாத மாதிரி' என்றார். மாற்றலாகிப் போன கிளையில் என்.வி.டி.ஏ. இன்ஸ்டால் செய்ய அனுமதி வரவில்லை. அதை இன்ஸ்டால் செய்யாமல் பென் டிரைவிலிருந்தே ஓட்டுகிற ஒரு வழி உண்டு. அனுமதி கிடைக்காத இடங்களுக்கு அதுதான் கைகொடுக்கும். ஆனால் அந்தக் கிளையில் பென் டிரைவையும் பூட்டி வைத்திருந்தார்கள். ஒரு வாரம் சும்மா உட்கார்ந்திருந்தார். 'சம்பளம் குடுத்தாவ. வேலைதான் குடுக்கல. டீ மட்டும் மூணு வேளையும் வந்துட்டு.'

நான் அந்த மங்கலான திரையைப் பற்றி என் கையெழுத்து உவமையோடு பெருமையாக விளக்கினேன். அவர் சிரித்தார். பென் டிரைவிலிருந்து ஓடுகிற என்.வி.டி.ஏ. அந்தத் தனி அறைக்குள் நுழைய முடியாது. முறைப்படி இன்ஸ்டால் செய்திருந்தால்தான் உள்ளே விடும். 'திரை மங்கிச்சுன்னு நீங்க சொல்லுதிய. எனக்கு சத்தம் நின்னு போச்சு. பாத்துக்கிடுங்க, ஊர்ல உள்ள வெட்டிப் பேச்சையெல்லாம் வாசிச்சுக் காட்டும். உனக்குச் சம்மதமான்னு கேக்குற இடத்துல மட்டும் வாயடைச்சுப் போகும்.'

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-ல் நிறைவேறியது. அதன் 20-வது பிரிவு, அரசு நிறுவனங்கள் தங்கள் மாற்றுத்திறனாளி ஊழியர்களுக்குத் தேவையான நியாயமான வசதிகளைச் செய்து தர வேண்டும் என்கிறது. அதைக் குறிப்பிட்டு அவர் ஒரு மனு எழுதினார். அனுமதி வந்தது. 'நீங்க என்ன கேட்டு எழுதினீங்க?' என்றேன். அவர் சொன்ன பதில்தான் மதினியின் காரியத்தையும் முடித்துக் கொடுத்தது. 'பாஸ்வேர்டு தாங்கன்னு மட்டும் கேக்கவே கூடாது சார். கேட்டா பயந்துக்கிடுவாவ. நீங்களே வந்து போட்டுத் தாங்க, போட்டுட்டு பூட்டிட்டுப் போங்கன்னு எழுதணும்.'

அன்று ராத்திரியே மதினிக்கு மனு எழுதிக் கொடுத்தேன். அரைப் பக்கம். எந்த சாஃப்ட்வேர், எந்த வெர்ஷன், அதைத் தயாரித்த கம்பெனியின் சொந்த வெப்சைட்டிலிருந்து மட்டும் இறக்க வேண்டும் என்பது. எதற்கு, யார் மேஜைக்கு, எந்த ஒரு கம்ப்யூட்டருக்கு மட்டும் என்பது. டாக்டர் சீட்டின் நகல். பாஸ்வேர்டு தேவையில்லை, தங்கள் சிஸ்டம் பிரிவே மதுரையிலிருந்தபடி இன்ஸ்டால் செய்து தந்தால் போதும், பிறகு வழக்கம்போல் பூட்டிவிடலாம் என்பது. கடைசி வரியாக, இனி இப்படிப்பட்ட அனுமதிகளுக்கு யாரிடம், எத்தனை நாளுக்குள் பதில் எதிர்பார்க்கலாம் என்று தெரிவிக்க வேண்டுகிறேன். இந்தக் கடைசி வரி வேண்டாமே, கேள்வி கேக்கிற மாதிரி இருக்கு என்று மதினி தயங்கினார். இருக்கட்டும் என்றேன். காலண்டர் விஷயத்தையும் எழுதலாமா என்று ஒரு யோசனை இருந்தது. அதை அவர் எழுத விடவில்லை. மேனேஜரிடம் நேரில் சொல்லிக்கொள்கிறேன் என்றார், சொல்லியும் விட்டார்.

மேனேஜர் மனுவைப் படித்துவிட்டு, 'இதை முதல்லயே இப்படித் தந்திருக்கலாம்ல?' என்றாராம். (முதலில் கேட்டபோது எலி என்றவர்தான்.) மெயிலில் இணைத்து அனுப்பினார். மறுநாள் பதினொரு மணிக்கு மதுரைக்காரர் போனில் வந்தார். மதினியின் திரையில் அம்புக்குறி தானாக நகர்ந்தது, பெட்டி வந்தது, புள்ளி புள்ளியாகப் பாஸ்வேர்டு விழுந்தது, மறைந்தது. 'இப்ப மேல இடது பட்டனை அமுக்கிட்டு பந்தை உருட்டிப் பாருங்க மேடம்.' பக்கம் இறங்கியது. செருகின நாளிலிருந்து எண்ணிப் பார்த்தால் பத்தொன்பதாவது நாள். வேலை நடந்த நேரம் நாலு நிமிஷம்.

காலண்டரைக் கழற்றிவிட்டார்கள். பாஸ்வேர்டும் மாறிவிட்டது. யாரிடம், எத்தனை நாளுக்குள் என்ற கடைசி வரிக்கு இன்னும் பதில் வரவில்லை. இரண்டாவது நினைவூட்டல் போயிருக்கிறது.

மதினியின் கை இப்போது பரவாயில்லை, ராத்திரி பட்டை இன்னும் கழற்றவில்லை. பந்தை வாரம் ஒரு தடவை கழற்றி, அடியில் படிகிற தூசியைத் துடைக்க வேண்டியிருக்கிறது. காலேஜ் லேப் ஞாபகம் வருகிறது என்றேன், அவருக்கு அது வேடிக்கையாகப் படவில்லை. பக்கத்து மேஜைக்காரர்கள் சாப்பாட்டு நேரத்தில் வந்து ஒரு உருட்டு உருட்டிவிட்டுப் போகிறார்களாம். அந்த மனுவை மூன்று பேர் ஜெராக்ஸ் எடுத்திருக்கிறார்கள். அதில் ஒருவர் பெயரையும் தேதியையும் மட்டும் மாற்றி, பிரின்டர் சாஃப்ட்வேர் கேட்டு அனுப்பியிருக்கிறார். மணிக்கட்டு வலி அப்படியே இருக்கிறது.